முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் ஸ்ட்ரேசா: ஒரே நாளில் எவ்வளவு பார்க்கலாம்?

ஜூன் முதல் வாரத்தில் மிலானில் மூன்று நாள் தங்குகிறீர்கள், அதில் ஒரு நாளை ஏரிக்கரையில் கழிக்க ஆசை, கோமோ ஏரிக்குப் போவதா மஜ்ஜோரே ஏரிக்குப் போவதா என்று குழப்பம். மஜ்ஜோரே ஏரிக்கரை ஊரான ஸ்ட்ரேசா என்று முடிவானால் அங்குள்ள மூன்று தீவுகளையும் மொத்தரோனே மலையையும் ஒரே நாளில் முடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், போகிறபோக்கில், அம்மாவும் வருகிறார், வயது 67, முழங்கால் வலி உண்டு, முட்டைகூடத் தொடாத சைவம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியமாகப் பட்டது. அம்மாவும் சேர்ந்து ரசிக்கும்படி அந்த ஒரு நாளை எப்படி அமைப்பது என்ற கேள்வியாகவே இதை எடுத்துக்கொள்கிறேன். வட இத்தாலிக்கு வரும் குடும்பங்களுக்குப் பயணத் திட்டம் போட்டுத் தருவது பல ஆண்டுகளாக என் வேலை. அந்த அனுபவத்தில் முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன்: ஸ்ட்ரேசாவுக்கே போங்கள். இரண்டு தீவுகள் போதும். மலையை இந்த முறை விட்டுவிடுங்கள்.

கோமோ ஏரியைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அங்கே எல்லோரும் போகும் பெல்லாஜியோ, வரென்னா இரண்டுமே சரிவில் கட்டிய ஊர்கள். சந்துகள் பாதிக்குமேல் படிக்கட்டுகள்தான். கோடையில் வரென்னா போகும் ரயிலில் நின்றுகொண்டே போக வேண்டி வரலாம், படகுத்துறையிலும் வெயிலில் நீண்ட வரிசை. ஸ்ட்ரேசாவில் ஏரியை ஒட்டி நீளமான, சமதளமான நடைபாதை இருக்கிறது. நிழல் தரும் மரங்களும் உட்கார பெஞ்சுகளும் உண்டு. தீவுகள் கண்ணெதிரே, ஐந்து பத்து நிமிடப் படகுப் பயணத்தில். களைத்துப்போனால் உடனே கரைக்குத் திரும்பிவிடலாம் என்ற தைரியம், வயதானவர்களோடு போகும்போது பெரிய விஷயம்.

ஊரைப் பற்றி ஓரளவு தெரிந்துகொண்டு போனால் பார்ப்பதெல்லாம் பொருளோடு தெரியும். மஜ்ஜோரே ஏரி சுமார் 212 சதுர கிலோமீட்டர், ஆழமான இடத்தில் 370 மீட்டர். மேற்குக் கரை பியெமொந்தே, கிழக்குக் கரை லொம்பார்தியா, வடமுனை சுவிட்சர்லாந்து. ஸ்ட்ரேசா மேற்குக் கரையில் இருக்கிறது. மீனவர் ஊராக இருந்த இது பெரிய மனிதர்கள் வந்து தங்கும் ஊராக மாறியதற்கு முதல் காரணம் ஒரு சாலை. ஆல்ப்ஸ் மலையைக் கடந்து பீரங்கிகளைக் கொண்டுபோக நெப்போலியன் போடவைத்த சிம்ப்லோன் சாலை 1805 வாக்கில் திறந்தது, அது இந்தக் கரை வழியாகத்தான் போகிறது. சுவிட்சர்லாந்திலிருந்து பனிமலையைக் கடந்து இறங்கிவரும் பயணிகளுக்கு முதலில் தென்பட்ட மிதமான தட்பவெப்பமும் எலுமிச்சையும் கமேலியா பூக்களும் இந்தக் கரையில்தான். 1860களில் கிராண்ட் ஹோட்டல் தே ஈல் பொரோமே எழுந்தது. 1906-ல் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீளமுள்ள சிம்ப்லோன் ரயில் சுரங்கம் திறந்ததும் பாரிஸிலிருந்து நேராக ரயிலிலேயே வந்து இறங்க முடிந்தது. இன்று நீங்கள் மிலானிலிருந்து ஏறப்போவதும் அதே தடம்தான். கரையோரம் வரிசையாக நிற்கும் பழைய பெரிய ஹோட்டல்களின் கதை இதுதான்.

ரயிலில் தவறு நடக்கும் இடங்கள் மூன்று. முதலாவது, நிலையத்துப் பலகையில் ‘ஸ்ட்ரேசா’ என்ற பெயரையே தேடுவது. பிராந்திய ரயில்களுக்குப் பலகையில் கடைசி நிலையமான டோமோடோசோலா என்றுதான் இருக்கும். சுவிட்சர்லாந்து போகும் யூரோசிட்டி ரயில்களுக்கு ஜெனீவா, பாசல் என்று போட்டிருக்கும். ஆகவே ரயில் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு தேடுங்கள். யூரோசிட்டி எல்லாமே ஸ்ட்ரேசாவில் நிற்பதில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, நிலையம். மிலானோ செந்த்ராலேயிலிருந்தும் வண்டி உண்டு, போர்த்தா கரிபால்டியிலிருந்தும் உண்டு. இரண்டும் வேறு வேறு நிலையங்கள், டிக்கெட்டில் எது இருக்கிறதோ அங்கேதான் போக வேண்டும். மூன்றாவது, டிக்கெட்டைச் செல்லுபடியாக்காமல் ஏறுவது. பிராந்திய ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால் நடைமேடை அருகே உள்ள சிறு இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். கைபேசியில் வாங்கினால் ஏறுமுன் ‘செக்-இன்’ அழுத்த வேண்டும். மறந்தால் பரிசோதகர் அபராதம் போடுவார், வெளிநாட்டவர் என்று சொல்லித் தப்ப முடியாது.

பிராந்திய ரயில் ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டி எடுக்கும், கட்டணம் எப்போது வாங்கினாலும் ஒன்றுதான். யூரோசிட்டி ஒரு மணி நேரம். அதில் இருக்கை உறுதி, ஆனால் கட்டணம் கூடுதல், அந்த ரயிலுக்கு மட்டுமே செல்லும். போகும்போது யூரோசிட்டி, திரும்பும்போது பிராந்திய ரயில் என்று வைத்துக்கொள்வது உங்களுக்குப் பொருந்தும். காலையில் அம்மாவுக்கு உட்கார இடம் உறுதி, மாலையில் ஒரு ரயிலைத் தவறவிட்டாலும் அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம் என்ற நிம்மதி. மிலானிலிருந்து போகும்போது வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். அரோனா தாண்டியதும் ஏரி அந்தப் பக்கம்தான் வரும். ஸ்ட்ரேசாவுக்கு அடுத்து பவேனோ, அதற்கும் அடுத்து வெர்பானியா-பல்லான்சா. அசந்து தூங்கி வெர்பானியாவில் இறங்கினால் ஏரிக்கரை எங்கே என்று தேடவேண்டியிருக்கும், ஏனென்றால் அந்த நிலையம் பெயரில் உள்ள ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

ஸ்ட்ரேசா நிலையத்திலிருந்து வெளியே வந்து வலப்புறம் திரும்பி, துகெஸ்ஸா தி ஜெனோவா என்ற தெருவில் இறங்கினால் பத்து நிமிடத்தில் ஏரி. போகும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம். காலையில் நடந்து போங்கள். மாலையில் நாள் முழுக்கப் படியேறி இறங்கிய முழங்காலுக்கு அந்த ஏற்றம் கூடுதல் தண்டனை, அதனால் டாக்ஸிக்குச் சில யூரோ ஒதுக்கிவிடுங்கள். ஹோட்டலிலோ உணவகத்திலோ சொன்னால் போன் செய்து வரவழைப்பார்கள். நம் ஊர் மாதிரித் தெருவில் கைகாட்டி நிறுத்தும் வழக்கம் அங்கே இல்லை.

இனி படகு. அதிகம் பேர் ஏமாந்ததாக உணரும் இடம் இதுதான், பெரும்பாலும் உண்மையில் ஏமாற்று எதுவும் இருக்காது, புரிதல் குறைவுதான். ஸ்ட்ரேசாவில் இரண்டு வகைப் படகுகள் ஓடுகின்றன. ஒன்று அரசு நிறுவனமான நாவிகாத்ஸியோனே லாகி நடத்தும் பெரிய படகுகள், மார்க்கோனி சதுக்கத்தில் உள்ள பிரதான துறையிலிருந்து கால அட்டவணைப்படி போகும். இன்னொன்று தனியார் மோட்டார் படகுகள். கடற்படைத் தொப்பி போட்டவர்கள் நடைபாதையிலேயே வந்து உங்களை அழைப்பார்கள். இரண்டின் டிக்கெட்டும் ஒன்றுக்கொன்று செல்லாது. தனியார் படகில் போனால் அதே நிறுவனத்தின் படகில்தான் திரும்ப வேண்டும், பல நேரம் ‘இந்தத் தீவில் இவ்வளவு நேரம்’ என்று கணக்கும் வைப்பார்கள். அம்மாவோடு போகும் உங்களுக்கு அந்தக் கெடு ஒத்துவராது. அரசுப் படகில் ஒரு நாள் முழுக்கத் தீவுகளுக்கிடையே எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கும் டிக்கெட் உண்டு. ‘லிபேரா சிர்கொலாத்ஸியோனே’ என்று கேளுங்கள். எந்தத் தீவுகள் வேண்டும் என்று சொல்லியே வாங்க வேண்டும், தீவுக்குத் தீவு விலை மாறும். இன்னொன்றையும் தெளிவாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: எந்தப் படகு டிக்கெட்டிலும் அரண்மனை நுழைவுக் கட்டணம் தானாகச் சேராது. அரண்மனை உள்ள இசோலா பெல்லா தீவுக்கு மட்டும் ஒரு ஆளுக்கு இருபது யூரோவுக்கு மேல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் முன்பதிவு செய்தால் அரண்மனை வாசலில் ஒரு வரிசை மிச்சம்.

கால அட்டவணையில் ‘ஃபெரியாலே’ என்று இருந்தால் வேலை நாள், சனிக்கிழமையும் அதில் அடங்கும். ‘ஃபெஸ்திவோ’ என்றால் ஞாயிறும் அரசு விடுமுறையும். இந்த ஒரு சொல்லைக் கவனிக்காமல் வராத படகுக்காக முக்கால் மணி நேரம் காத்திருப்பவர்கள் நிறைய. அட்டவணையைத் துறையிலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் படகுகள் குறைந்துவிடும், கடைசிப் படகு எது என்பதைக் காலையிலேயே பார்த்துவிடுவது நல்லது. ஏறும்போது போடும் பலகை, ஏரியின் நீர்மட்டத்தைப் பொறுத்துச் சில நாள் சமமாகவும் சில நாள் சரிவாகவும் இருக்கும். படகு ஊழியர்கள் கை கொடுப்பார்கள், அம்மா கூச்சப்படாமல் பிடித்துக்கொள்ளட்டும். மேல்தளத்துக்கு ஏறும் படி செங்குத்தானது. கீழ்த்தளத்து ஜன்னலோரமே அவருக்குப் போதும், காட்சியும் ஒன்றும் குறையாது.

முதலில் இசோலா பெல்லா. பத்து மணிக்கு அரண்மனை திறக்கும் நேரத்தில் அங்கே இருக்கும்படி வாருங்கள். பதினொன்றைத் தாண்டினால் சுற்றுலாக் குழுக்கள் வந்து சேர்ந்து, ஒவ்வொரு அறையிலும் முன்னால் இருப்பவர் நகரக் காத்திருக்க வேண்டும். நிற்பதுதான் நடப்பதைவிட முழங்காலைச் சோதிக்கும். இந்தத் தீவு ஒரு காலத்தில் சில மீனவர் குடிசைகள் கொண்ட பாறை. 1632-ல் மூன்றாம் கார்லோ பொர்ரொமேயோ இங்கே அரண்மனை கட்டத் தொடங்கினார். அவருடைய மனைவி இசபெல்லா டி’ஆடா என்பவரின் பெயர்தான் சுருங்கி ‘பெல்லா’ ஆனது. அதே குடும்பத்தில் பின்னால் வந்த ஆறாம் விதாலியானோ தோட்டத்தைப் பெரிதாக்கினார். கரையிலிருந்து படகு படகாக மண் கொண்டுவந்து கொட்டி, பத்து அடுக்குகளாகப் பாறையின்மேல் தோட்டம் எழுப்பினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தீவே ஒரு கப்பல் போலவும், தோட்டம் அதன் பின்பக்கம் உயர்ந்து நிற்பது போலவும் தெரியும். பொர்ரொமேயோ குடும்பம் இன்றும் இதன் உரிமையாளர்.

உள்ளே போகும் வழி ஒருவழிப் பாதை, இது உங்களுக்கு முக்கியம். படியேறி மேல்மாடி அறைகளுக்குப் போவீர்கள். 1797-ல் நெப்போலியனும் ஜோசஃபினும் தங்கிய அறை, ஓவியக் கூடம் எல்லாம் இந்த வழியில். இசை அறையில் கொஞ்சம் நில்லுங்கள். 1935 ஏப்ரல் 11 முதல் 14 வரை முசோலினியும் பிரிட்டனின் ராம்சே மெக்டொனால்டும் பிரான்சின் ஃபிளாந்தின், லவால் ஆகியோரும் ஜெர்மனி மீண்டும் ஆயுதம் ஏந்துவதைத் தடுக்க இந்த அரண்மனையில் கூடிப் பேசி ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் முசோலினி எத்தியோப்பியாமீது படையெடுத்ததும் அந்த ஒப்பந்தம் பொருளற்றுப் போனது. பிறகு படியிறங்கி ஏரி மட்டத்தில் உள்ள குகை அறைகள். கூழாங்கல், எரிமலைக் கல், சலவைக்கல் துண்டுகளால் சுவரும் கூரையும் இழைத்திருக்கிறார்கள். கோடை வெயிலில் விருந்தினர் ஒதுங்கிக் குளிர்ச்சியாக இருக்கக் கட்டியவை, ஜூன் மாதத்திலும் அந்தக் குளுமை தெரியும். கீழே வந்தவர்கள் மறுபடி ஏற வேண்டும். அதன் பின் ஒற்றைக்கொம்புக் குதிரைகள் நெய்த பிளெமிஷ் திரைச்சீலைகள் உள்ள நீண்ட கூடம். ஒற்றைக்கொம்புக் குதிரை அந்தக் குடும்பத்தின் சின்னம், தோட்டத்து உச்சியிலும் சிலையாக நிற்பதைப் பார்ப்பீர்கள். அங்கிருந்து தியானா முற்றம் வழியாகத் தோட்டம். அந்தச் சிறு முற்றம் ஒரு கட்டடக்கலைச் சாமர்த்தியம். அரண்மனையின் அச்சும் தோட்டத்தின் அச்சும் ஒரே நேர்கோட்டில் இல்லை. முற்றத்தைப் பல பக்கங்களோடு அமைத்து, இருபுறமும் படி வைத்து, அந்தக் கோணல் கண்ணுக்குத் தெரியாதபடி செய்துவிட்டார்கள்.

படிகளைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன்: இசோலா பெல்லாவைப் படி இல்லாமல் பார்க்க வழியில்லை. ஆனால் எல்லாப் படியும் ஏற வேண்டியதும் இல்லை. அரண்மனைக்குள் உள்ளவை அகலமானவை, நிதானமாக ஏறலாம். தோட்டத்தில் கடுமையானது சிலைகள் நிறைந்த ‘தெயாத்ரோ மாஸ்ஸிமோ’வின் மேல்தளத்துக்கு ஏறும் பகுதி. அம்மா அதைத் தவிர்த்து, கீழே பெரிய கற்பூர மரத்தின் பக்கம் நிழலில் உட்காரலாம். ஏறத்தாழ இருநூறு வயதான மரம். கோயில் கற்பூரம் ஆதியில் எந்த மரத்திலிருந்து வந்ததோ அதே மரம் என்று சொல்லி ஒரு சருகைக் கசக்கி முகரக் கொடுங்கள். வெள்ளை மயில்களும் அந்தப் பகுதியில் உலாவும். நீங்கள் மேலே ஏறி இறங்க இருபது நிமிடம் போதும். முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் வலிக்கும், ஆகவே மடக்கும் கைத்தடி ஒன்றைப் பெட்டியில் வைத்துவிடுங்கள். எத்தனை படி அவருக்குத் தாங்கும் என்பதை அவருடைய மருத்துவர்தான் சொல்ல முடியும், நான் வழியின் தன்மையைச் சொல்கிறேன், அவ்வளவுதான். இந்தத் தீவுக்கு அவசரமில்லாமல் இரண்டரை மணி நேரம் கொடுங்கள்.

அடுத்து இசோலா தெய் பெஸ்காத்தோரி, மீனவர் தீவு. படகில் ஐந்து நிமிடம். இங்கே அரண்மனையோ கட்டணமோ கிடையாது. முந்நூற்றைம்பது மீட்டர் நீளம்தான். ஒரு சந்து, சிறு தேவாலயம், மேல்மாடியில் நீண்ட உப்பரிகைகள் வைத்த வீடுகள், அந்த உப்பரிகைகளில்தான் ஒரு காலத்தில் மீனைக் காயவைத்தார்கள். தரை பெரும்பாலும் சமம், முக்கால் மணி நேரத்தில் மெதுவாகச் சுற்றிவிடலாம். எல்லா வழிகாட்டிகளும் இங்கே மதிய உணவு சாப்பிடச் சொல்லும். உங்களுக்கு நான் அப்படிச் சொல்ல மாட்டேன். உணவகங்கள் ஏரி மீனை நம்பி இருப்பவை, சைவத்துக்குத் தேர்வு சுருங்கிவிடும். ஒரு காப்பி குடித்துவிட்டு ஸ்ட்ரேசாவுக்குத் திரும்பி, கதோர்னா சதுக்கத்தைச் சுற்றியுள்ள உணவகங்களில் சாப்பிடுங்கள். இத்தாலியில் மதிய உணவு நேரம் பன்னிரண்டரையிலிருந்து இரண்டு, இரண்டரை வரைதான். அதற்குமேல் போனால் பல இடங்களில் சமையலறை மூடியிருக்கும், மாலை ஏழு மணிக்குத்தான் மறுபடி திறக்கும். அதனால் ஒன்றரைக்குள் மேசையில் உட்கார்ந்துவிடுங்கள்.

‘வெஜிடேரியன்’ என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடாதீர்கள். ‘சென்ஸா கார்னே, சென்ஸா பேஷே, சென்ஸா உவோவா’ என்றால் இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல், முட்டை இல்லாமல். ரிசோத்தோ பார்க்கச் சைவம்போல இருக்கும், ஆனால் அரிசியை வேகவைக்கும் சாறு பெரும்பாலும் இறைச்சிச் சாறு. ‘ப்ரோதோ வெஜெதாலே’தானா, அதாவது காய்கறிச் சாறுதானா என்று கேளுங்கள். இந்த வட்டாரத்துப் பனிஸ்ஸா, பனீஷா வகைச் சோற்றில் பன்றித் தொத்திறைச்சி நிச்சயம் உண்டு. மினெஸ்த்ரோனே சூப்பிலும் சில சமையற்காரர்கள் பன்றிக்கொழுப்புத் துண்டு போடுவார்கள். புதிதாகப் பிசைந்த பாஸ்தாவில் முட்டை இருக்கும். காய்ந்த பாஸ்தாவான ஸ்பகெத்தி, பென்னே போன்றவற்றில் பொதுவாக இருக்காது, ஆகவே தக்காளிச் சாறு சேர்த்த ‘பென்னே அல் பொமொதோரோ’ அம்மாவுக்குப் பாதுகாப்பு. மார்கெரித்தா பீட்சாவும் அப்படியே. பர்மிஜானோ சீஸ் கன்றின் இரைப்பை நொதியால் உறைய வைப்பது, அதையும் தவிர்ப்பவரானால் ‘சென்ஸா பர்மிஜானோ’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். பில்லில் ‘கோப்பேர்தோ’ என்று ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ இருந்தால் அது வழக்கமான மேசைக் கட்டணம், தவறில்லை.

ஸ்ட்ரேசாவின் பெயர்பெற்ற இனிப்பு மார்கெரித்தீனே, நடுவில் குழியும் மேலே தூள் சர்க்கரையும் கொண்ட சிறு பிஸ்கெட். 1857-ல், பின்னாளில் இத்தாலியின் முதல் ராணியான மார்கெரித்தாவின் சிறுவயதில், அவருக்காக இந்த ஊர் இனிப்புக் கடைக்காரர் ஒருவர் செய்தது. அவருடைய தாயான ஜெனோவா சீமாட்டிக்கு இங்கே மாளிகை இருந்தது. காலையில் நீங்கள் இறங்கிவந்த தெருவின் பெயர் அவருடையதுதான். வாயில் போட்டதும் கரையும் அந்தப் பதத்துக்குக் காரணம், அவித்த முட்டையின் மஞ்சள் கருவைச் சல்லடையில் தேய்த்து மாவோடும் வெண்ணெயோடும் சேர்ப்பது. ஆகவே இது உங்களுக்கு, அம்மாவுக்கு இல்லை. அவருக்குப் பழ ‘சொர்பெத்தோ’ வாங்கலாம், அதிலும் சில கடைகளில் முட்டை வெள்ளை கலப்பதால் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது தீவான இசோலா மாத்ரேயை ஏன் விடச் சொல்கிறேன் என்றால், அது மற்ற இரண்டையும் தாண்டி ஏரியின் நடுவே, பல்லான்சா பக்கமாக இருக்கிறது. படகுகள் அங்கே குறைவு. போய்வரக் குறைந்தது இரண்டரை மணி நேரம் கரையும். ஆனால் அம்மா அரண்மனையைவிடச் செடிகொடிகளை விரும்புபவர் என்றால், பெல்லாவை விட்டுவிட்டு மாத்ரேக்குப் போவதை யோசியுங்கள். துறையிலிருந்து மேலே ஏறும் ஏற்றம் இங்கேயும் உண்டு, ஆனாலும் அதன் பிறகு நடப்பது பெரும்பாலும் மரங்களுக்கிடையே சரளைப் பாதையில். மயில்களும் ஃபெசன்ட் பறவைகளும் கூண்டில்லாமல் குறுக்கே நடக்கும். அரண்மனைக்கு முன்னால் இமயமலையிலிருந்து 1862-ல் வந்த விதையில் முளைத்த காஷ்மீர் சைப்ரஸ் மரம் நிற்கிறது. 2006 ஜூனில் வீசிய சுழற்காற்றில் வேரோடு சாய்ந்தது. அவ்வளவு பெரிய மரத்தைக் கிரேன்கள் வைத்துத் தூக்கி நிறுத்தி, இரும்பு வடங்களால் நாலாபுறமும் இழுத்துக் கட்டிப் பிழைக்க வைத்தார்கள். வடங்கள் இன்றும் இருக்கின்றன. உள்ளே பொம்மலாட்ட மேடைகளும் பொம்மைகளும் உண்டு. மிலான் லா ஸ்காலா அரங்கின் காட்சி ஓவியர் அலெஸ்ஸாந்த்ரோ சன்குவிரிக்கோ தீட்டிய திரைகளும் அவற்றில் அடக்கம்.

மொத்தரோனே மலை ஸ்ட்ரேசாவுக்குப் பின்னால் 1,491 மீட்டர் உயரம். பழைய பயணக் குறிப்புகளில் ‘கார்ச்சானோ துறைக்குப் பக்கத்தில் கேபிள் காரில் ஏறி இருபது நிமிடத்தில் உச்சி’ என்று படித்திருப்பீர்கள். 2021 மே 23 அன்று அந்தக் கேபிள் காரின் இழுவை வடம் அறுந்து, அவசர பிரேக் வேலை செய்யாதபடி முடக்கப்பட்டிருந்ததால் பெட்டி பின்னோக்கி ஓடி விழுந்து 14 பேர் இறந்தார்கள். அதோடு சேவை நின்றது. உங்கள் பயணத்துக்கு அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். கார் இருந்தால் சாலை வழி போகலாம், ரயிலில் வந்து இறங்கும் குடும்பத்துக்கு அது அரை நாளைத் தின்றுவிடும்.

வானிலையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஏரிக்கரை இத்தாலியிலேயே மழை அதிகம் பெறும் பகுதிகளில் ஒன்று. தெற்கிலிருந்து வரும் ஈரக்காற்று ஆல்ப்ஸ் மலையில் மோதி மேலே எழும்பி இங்கேயே கொட்டிவிடும். இந்தத் தோட்டங்கள் இவ்வளவு பச்சையாக இருப்பதன் ரகசியம் அதுதான். ஜூனில் நாள் முழுக்கப் பெய்யும் மழையைவிட, பிற்பகலில் திடீரென்று இடிமின்னலோடு வந்து போவதே வழக்கம். காற்றுக்கும் ஒரு ஒழுங்கு உண்டு. காலையில் வடக்கிலிருந்து திராமொந்தானா, பிற்பகலில் தெற்கிலிருந்து இன்வெர்னா. இரண்டாவது வீசும்போது ஏரியில் அலை எழும், குமட்டல் உள்ளவர்களுக்குத் தெரியும். காலையில் தீவுகள், பிற்பகலில் கரை என்று நான் வரிசைப்படுத்தியதற்கு இந்தக் காரணமும் உண்டு. கமேலியாவுக்கு மார்ச், ஏப்ரலும், அசேலியாவுக்கு ஏப்ரல் கடைசியும் மே மாதமும்தான் பருவம். ஜூனில் அவற்றை எதிர்பார்க்க வேண்டாம். ரோஜாக்கள் இருக்கும், ஹைட்ரேஞ்சியா தொடங்கியிருக்கும்.

மேலே சொன்னவற்றில் இடங்களின் அமைப்பு, படிகள், தூரம், வரலாறு ஆகியவற்றை நம்பித் திட்டமிடலாம். ஆண்டுக்கு ஆண்டு மாறுபவை கட்டணம், படகு நேரம், அரண்மனை மூடும் நேரம். இவற்றைக் கிளம்புவதற்கு முந்தைய வாரம் அந்தந்த நிறுவனத்தின் தளத்தில் ஒருமுறை பாருங்கள். கூடவே ‘ஷோப்பேரோ’ என்ற சொல்லையும் தேடுங்கள், ரயில் வேலைநிறுத்தம் என்று பொருள், முன்கூட்டியே அறிவிப்பார்கள். வேலை நாளில் வேலைநிறுத்தம் வந்தாலும் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட ரயில்கள் ஓடியாக வேண்டும் என்பது விதி. அந்த நேரங்களுக்குள் பயணத்தை வைத்துக்கொண்டால் தப்பிக்கலாம்.

ஒருவேளை மிலான் நாட்களில் ஒன்றைக் குறைத்து ஸ்ட்ரேசாவில் ஓர் இரவு தங்க முடிந்தால், மறுநாள் காலை படகிலேயே வில்லா தாரந்தோவுக்குப் போங்கள். தோட்டத்து வாசலிலேயே துறை இருக்கிறது. நீல் மக்எக்கார்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1931-ல் நிலம் வாங்கி உருவாக்கி, 1952-ல் மக்களுக்குத் திறந்துவிட்ட 16 ஹெக்டேர் தாவரத் தோட்டம் அது. பெரும்பாலும் சீரான பாதைகள், முழங்காலுக்கு இசோலா பெல்லாவைவிட மிகவும் இதமானது. தாமரைக் குளமும் உண்டு, பூப்பது ஜூலையில்தான். சுவிட்சர்லாந்தின் லொகார்னோ வரை படகில் போய் செந்தொவாலி மலை ரயிலில் திரும்பும் சுற்றுப்பயணம் பற்றியும் யாராவது உங்களிடம் சொல்லலாம். 1923-ல் போட்ட அந்தத் தடம் அவ்வளவு அழகு, ஆனால் முழு நாள் உட்கார்ந்தே போக வேண்டும். பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். ஷெங்கன் விசா சுவிட்சர்லாந்துக்கும் செல்லும், ஐரோப்பிய ஒன்றிய சிம்மின் ரோமிங் திட்டம் அங்கே செல்லாமல் போகலாம். எல்லையைத் தாண்டுமுன் கைபேசியில் டேட்டாவை அணைத்துவிடுங்கள்.

தேதியைத்தான் நீங்கள் எழுதவில்லை. ஜூன் 2 இத்தாலியின் குடியரசு நாள், அரசு விடுமுறை. மிலான் நகரமே ஏரிக்கரைக்கு வந்துவிடும், படகுகளும் ‘ஃபெஸ்திவோ’ அட்டவணையில் ஓடும். அதையும் சனி, ஞாயிறையும் தவிர்த்து, செவ்வாய் முதல் வியாழனுக்குள் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, காலை எட்டரைக்குள் கிளம்பும் ரயிலுக்கு டிக்கெட் போட்டுவிடுங்கள்.